துணைமருந்தும் தாய்மொழியும்

காலிற் சத்திரசிகிச்சை செய்யுமுன் நரம்பருகே விறைப்பு மருந்து ஏற்றுவதை அன்பர் பலர் அறிவர். அதனோடு துணைமருந்து கூட்டுவது புதிதன்று. 1903இலேயே செருமானிய வைத்தியர் பிறவுண் கொக்கேயினுடன் அதிரினலீனைச் சேர்த்தார். குருதிக்குழாய்கள் சுருங்கவே மருந்து அவ்விடத்தே நெடிது நின்றது. இன்று தெட்சாமெதசோன் சேர்ப்பின் நோத்தணிவு மேலும் சில மணிநேரம் நீடிக்கின்றது. நன்றே! ஆயின் விறைப்பும் உடன் நீடிக்குமே. சுருவிலுக்குப் பஸ் ஏறித் திரும்பும் முதியவர் அஃதறியாது காலூன்றின் வீழ்வார். சுடுநீர் பட்டாலும் உணரார். எத்தனை மணிநேரம் காலை நம்பலாகாது என்பதை அவருக்குத் தமிழிற் கூறாது மருந்து கூட்டுதல் தகாது என்பது எம் கருத்து. மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் கற்பித்தார். அமெரிக்கருக்கு இயன்றது, நாம் தமிழ் கற்பித்து அனுப்பிய வைத்தியர்களுக்கு இயலாதோ?