"எத்தனை பர்சன்ட்?" என்று கேட்டால் மட்டும் போதுமா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேற வந்திருந்தவர்கள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். ஒன்பது பேர் மலையிலேயே இறந்தார்கள். மற்றவர்களை ஊர்க்காரர்களும் மீட்புப் படையினரும் இரவெல்லாம் தூக்கி இறக்கினார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அடுத்தடுத்த நாட்களில் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராக இறந்து, பலி எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது.

அந்த வாரம் முழுக்க டிவியில் ஓடிய எண்கள் நினைவிருக்கிறதா? "இவருக்கு 40 சதவீதம், அவருக்கு 70 சதவீதம்" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி! கேட்டவர்களும் அந்த ஒரு எண்ணை வைத்தே "பிழைப்பார், பிழைக்க மாட்டார்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். டிவி செய்தால் போகட்டும். தீக்காயம் என்றாலே ஒரு பார்வை, ஒரு பர்சன்ட், அத்தோடு முடிந்தது என்ற பழக்கம் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் வரைக்கும் வந்துவிடக்கூடாது. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த பர்சன்ட் எப்படி வருகிறது என்று பார்ப்போம். நர்சிங் மாணவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான 'ஒன்பதுகளின் விதி'தான். தலைக்கு 9, ஒவ்வொரு கைக்கும் 9, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, ஒவ்வொரு காலுக்கும் 18, பிறப்புறுப்புக்கு 1. கூட்டினால் 100. பரீட்சையில் இதை எழுதினால் முழு மார்க். ஆனால் இது பெரியவர்களுக்கான கணக்கு. ஒரு வயதுக் குழந்தைக்குத் தலை மட்டுமே 18, கால் ஒவ்வொன்றும் 14. பெரியவர் கணக்கைக் குழந்தைக்குப் போட்டால் தலையில் பட்ட காயம் பாதியாகச் சுருங்கிவிடும்! அதற்காகத்தான் லண்ட், பிரவுடர் என்ற இருவர் 1944-லேயே வயதுவாரியாக ஒரு படம் போட்டுக் கொடுத்தார்கள். அங்கங்கே சிதறிய சின்னக் காயங்களுக்கு நோயாளியின் உள்ளங்கையே அளவுகோல். விரல்களோடு சேர்த்தால் ஏறக்குறைய 1 சதவீதம். நோயாளியின் கை, நர்சின் கை அல்ல!

இன்னொன்று. வெறுமனே சிவந்து, கொப்புளிக்காத இடத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பாடப்புத்தகம் "இளஞ்சிவப்பு" என்று சுலபமாக எழுதிவிடுகிறது. நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு அவ்வளவு லேசில் தெரியாது. அழுத்திப் பார்க்க வேண்டும், விட்டதும் ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், ஈரமா வறட்சியா என்று பார்க்க வேண்டும்.

சரி, பரப்பளவு தெரிந்துவிட்டது. ஆழம்? மேலோட்டமான காயம்தான் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு முனைகளே கருகிவிடுவதால் வலி தெரியாது. அதாவது, வார்டில் அதிகமாகக் கத்துகிறவர்தான் மோசமான நிலையில் இருக்கிறார் என்று நினைப்பது பெரிய தப்பு. ஓரமாகப் படுத்துக்கொண்டு "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்கிறவரை முதலில் போய்ப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் புகை. வெறும் 15 சதவீதம் காயம் உள்ள ஒருவர் புகையை இழுத்திருந்தால், 30 சதவீதம் உள்ளவரைவிட ஆபத்தில் இருக்கலாம். மூக்கு முடி பொசுங்கியிருக்கிறதா, சளியில் கரி வருகிறதா, குரல் கம்மியிருக்கிறதா? இதை வந்தவுடனே பார்க்க வேண்டும். தொண்டை வீங்கி அடைத்த பிறகு பார்த்துப் பயனில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 98 காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே காட்டும்!

இப்போது மலைக்கு வருவோம். சலைன் கணக்குக்குப் பெரும்பாலும் சொல்லித்தரும் பார்க்லண்ட் சூத்திரம் இதுதான்: 4 மி.லி. × எடை × சதவீதம். 60 கிலோ எடை, 50 சதவீதம் காயம் என்றால் 12,000 மி.லி. அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில். எப்போதிலிருந்து 8 மணி நேரம்? தீப்பட்ட நேரத்திலிருந்து! ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. மலையில் மூன்று மணிக்குத் தீப்பட்டவர் கீழே வந்து சேர இரவு ஒன்பது ஆனால், எட்டில் ஆறு மணி நேரம் போய்விட்டது. நகரத்தில் அரை மணியில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் இடத்தில் இந்த வித்தியாசம் சின்னது. போடி மலையில் அது உயிர்.

"சூத்திரமே பழசு, இப்போது 2 மி.லி.யில் ஆரம்பிக்கச் சொல்கிறார்களே" என்று சிலர் கேட்கலாம். சரிதான். சூத்திரம் ஒரு தொடக்கம் மட்டுமே. விட்டுப்போன மணிக்கணக்கை ஈடுகட்ட சலைனைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினால் நுரையீரலில் நீர் கோர்த்துக்கொள்ளும். பெரியவருக்கு மணிக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய அரை மி.லி. சிறுநீர் வருகிறதா என்று பார்த்துத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அந்த சிறுநீரை மணிக்கு மணி அளப்பது யார்? நர்ஸ்!

அதனால்தான் "டாக்டர் வந்து பார்த்துக்கொள்வார்" என்ற வாதம் நிற்காது. முதலில் தொடுகிறவர் நர்ஸ். தீக்காயத்தின் ஆழம் இரண்டு மூன்று நாள் வரைகூட மாறிக்கொண்டே இருக்கும். டிரெஸ்ஸிங் பிரிக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறவரும் நர்ஸ்தான். கையைச் சுற்றி வளையமாக வெந்திருந்தால், வீக்கத்தில் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் சில்லிடுவதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவரும் அவரே. மதிப்பீடு ஒருமுறை எழுதி மூடும் படிவம் இல்லை, தொடர்ந்து செய்கிற வேலை.

இது குரங்கணியில் பணி செய்தவர்கள் மீதான குற்றச்சாட்டு அல்ல. அத்தனை பேர் ஒரே இரவில் வந்தால் எந்த ஆஸ்பத்திரியும் திணறும். கேள்வி, அதற்குப் பிறகு எதைப் பற்றிப் பேசினோம் என்பதுதான். அனுமதி கொடுத்தது யார், கூட்டிப்போனது யார் என்று பேசினோம். அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் அரசே 40 பாதைகளில் மலையேற்றத் திட்டம் தொடங்கியது, குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. எல்லாம் தேவைதான். ஆனால் தீப்பட்டவர் கீழே வந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

மலையேறுகிறவர்கள் மட்டுமா? போடியிலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்களும், ஏலக்காய் உலர்த்தும் இடத்தில் விறகு தள்ளுகிறவர்களும், லயத்து வீட்டில் அடுப்பெரிக்கும் பெண்களும் அதே வளைவு ரோட்டில்தான் கீழே வர வேண்டும். அவர்களுக்கு ஹெலிகாப்டர் வராது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் சுவரில் ஒரு லண்ட் – பிரவுடர் படம். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டில் ஆறு விஷயங்கள்: தீப்பட்ட நேரம், எடை, பரப்பளவு, ஆழம், புகை உண்டா இல்லையா, அதுவரை ஏற்றிய சலைன். 20 நிமிஷம் ஓடும் தண்ணீர், மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுவது. அனுப்பும் முன் காயத்தில் பேஸ்ட், மாவு, மை மட்டுமல்ல, வெள்ளை கிரீமும் தடவாமல் சுத்தமான துணியால் மூடுவது. பூசி மறைத்தால் அடுத்தவர் ஆழத்தை எப்படிப் பார்ப்பார்?

நர்சிங் படிக்கிறவர்கள் ஒன்பதுகளின் விதியை ஐந்து மார்க் கேள்வியாகப் படித்து மறப்பதை நிறுத்தட்டும். வேலை கொடுக்கிறவர்கள் நர்ஸ் எழுதிய மதிப்பீட்டைப் படிக்கத் தொடங்கட்டும். மார்ச் மாதம் வருஷா வருஷம் வரும். புல்லும் காயும்.