தாய்பாஷையும் குழந்தைகளும்

குழந்தையிடம் தாய்பாஷையில் பேசினால் அதற்கு இங்கிலீஷ் வராது என்ற எண்ணம் நம்மவர் பலரிடம் வேரூன்றி வருகிறது. அம்மா என்றழைக்கும் குழந்தையை மம்மி என்று சொல்லப் பழக்குவதைக் கல்வியென்று கருதும் பெற்றோர் இருக்கிறார்கள். தாங்கள் அரைகுறையாய்க் கற்ற பாஷையிலேயே குழந்தையைக் கொஞ்சவும் கண்டிக்கவும் முற்படுகிறார்கள். இந்த எண்ணம் முற்றும் தவறானது என்பதே நமது அபிப்பிராயம்.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரைக்குப் போனால் போதும். நெசவுத் தொழிலில் பேர்பெற்ற சௌராஷ்டிர சமூகத்தார் அங்கே பல தலைமுறைகளாக வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் தமிழும் பேசி வருகிறார்கள். கும்பகோணம், சேலம், பரமக்குடி முதலிய ஊர்களிலும் அப்படியே. வீட்டு பாஷையால் அவர்களது தமிழ் குன்றிற்றா? 2013-ல் காலமான டி. எம். சௌந்தரராஜன் மதுரையில் பிறந்த சௌராஷ்டிரர். அவருடைய திருத்தமான தமிழ் உச்சரிப்பை மெச்சாத தமிழர் உண்டோ? கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராமும் அச்சமூகத்தவரே, ‘காதுகள்’ என்ற தமிழ் நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றவர். சௌராஷ்டிரம் தமிழுக்குத் தடையாகாதபோது, தமிழ் மட்டும் இங்கிலீஷுக்கு எவ்வாறு தடையாகும்?

குழந்தை இலக்கணம் படித்துப் பேசக் கற்பதில்லை; கேட்டும் பேசியுமே கற்கிறது. இரண்டு பாஷைகளையும் கலந்து பேசினால் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. எவரிடம் எதைப் பேசுவது என்பது நாளடைவில் அதற்கே விளங்கிவிடும். ஆனால் காதில் விழாத பாஷை நாவில் வராது. இங்கிலீஷைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதை வளர்க்க உத்தியோகம் இருக்கிறது. வீட்டு பாஷைக்கு வீட்டாரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

இக்காலத்தில் வீட்டுப் பேச்சில் பெரும் பங்கு கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. இதனால் ஒரு நன்மையும் உண்டு. முன்பு ஒரு பாஷையில் பத்திரிகை நடத்த அச்சுக்கூடமும் மூலதனமும் வேண்டியிருந்தன. இன்று வாட்ஸப்பிலும் பேஸ்புக்கிலும் எந்தச் சிறு பாஷையினரும் கூடிப் பேசலாம். 1991-ல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்து இடம்பெற்றது. சௌராஷ்டிர எழுத்தும் 2008-ல் அதில் சேர்ந்துவிட்டது. அப்படியிருந்தும், தமிழ் எழுதத் தெரிந்த அநேகர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வருகிறார்கள். ல, ள வேற்றுமையும் ந, ன, ண வேற்றுமையும் அதில் மறைந்து போகின்றன. பெரியோர் எழுதுவதைப் பார்த்தே பிள்ளைகள் பழகுகிறார்கள். நாம் இப்படியே எழுதிவந்தால், தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத ஒரு தலைமுறை நம் கண்முன்னே வளர்ந்துவிடும்.

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் தமிழைத் தாய்பாஷையாகச் சொன்னவர்கள் சுமார் 6 கோடியே 90 லட்சம். சௌராஷ்டிரத்தைச் சொன்னவர்கள் 2 லட்சத்துக்குச் சற்று அதிகம். தமிழ் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. சௌராஷ்டிரம் அதிலுள்ள 22 பாஷைகளில் ஒன்றன்று. ஆயினும் எண்ணிக்கையை நம்பி நாம் இறுமாந்திருக்கலாகாது. பாட்டன் பேசியது தகப்பனுக்கு விளங்கும், பேரனுக்கு விளங்காது என்ற நிலை வந்த வீட்டில், பாஷை பெரிதா சிறிதா என்ற கேள்விக்கே இடமில்லை.

மேடையேறித் தமிழுக்காக முழங்கும் தேசத்தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் தமிழைத் தள்ளிவைத்துவிட்டு வெளியில் அதற்காகப் போராடுவதால் பயனில்லை. பிறருடைய பாஷை ஆதிக்கத்தை எதிர்த்து நியாயம் கேட்கும் நாம், நம்மிடையே வாழும் சிறு பாஷைகளுக்கு அந்த நியாயத்தை மறுப்பதும் தர்மமாகாது.

இங்கிலீஷ் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. குழந்தைகள் அதையும் கற்கட்டும். இயன்றால் வேறு பாஷைகளையும் கற்கட்டும். ஆனால் வீட்டில் அவர்களுடன் தாய்பாஷையில் பேசுங்கள். கைப்பேசியில் அதன் எழுத்திலேயே எழுதுங்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம், பணச்செலவும் இல்லை. பெற்றோர் மனம் வைத்தால் இன்றைக்கே தொடங்கலாம்.