மாதத்தில் நான்கு நாள் மட்டும் பேய் பிடிக்குமா?

பள்ளிபாளையம் பக்கத்து நூல் மில் ஒன்றில் ஒரு சகோதரி வேலை செய்கிறார். மனச்சோர்வுக்கு இரண்டு வருஷமாய் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வாரம் யாருக்கும் சளைக்காமல் வேலை செய்வார். மாதவிலக்குக்கு முந்திய நாலைந்து நாட்களில் மட்டும் தூக்கமில்லை, ஓயாத அழுகை, "செத்துப் போகலாம்" என்ற பேச்சு. மேஸ்திரி நடிப்பு என்றார். வீட்டார் வேப்பிலை அடிக்கக் கொண்டு போனார்கள். சங்கக் கூட்டத்தில் நாம் இதைச் சொன்னபோது ஆண் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். வெட்கப்பட வேண்டிய சிரிப்பு அது.

பேய்க்குக் காலண்டர் தெரியுமா? தெரியாது. உடலுக்குத் தெரியும். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் உடலில் குறைகின்றன. மூளையை இது பாதிக்கிறது. பலருக்கு இது சிறு தொல்லையோடு போய்விடும். ஆனால் ஏற்கெனவே மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு போன்ற நோயுள்ள பெண்களில் சிலருக்கு நோய் ஏறுகிறது. ஆஸ்துமாக்காரருக்குப் பஞ்சுத் தூசியில் இழுப்பு ஏறுவது போலத்தான். இழுப்புக்காரரை நடிக்கிறார் என்போமா? இதில் இரவு ஷிப்டும் சேர்ந்தால் உள்ள தூக்கமும் போகிறது.

முதலாளிகள் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயரில்லாத மாத்திரை கொடுத்துப் பெண்களை வேலை வாங்கியது 2019ல் அம்பலமானது. அதைத் தின்றவர்கள் மனச்சோர்வும் பதற்றமும் வந்ததாகச் சொன்னார்கள். மூடநம்பிக்கை என்ன செய்தது? 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர்.

ஆகவே, சகோதரிகளே! மில்லானாலும் மரவள்ளிக் காடானாலும் இரண்டு மாதம் தினசரி குறித்து வையுங்கள்: விலக்கான தேதி, தூக்கம், மனநிலை. எழுதத் தெரியாவிட்டால் காலண்டரில் கோடு போடுங்கள். சேலம் அல்லது நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அதைக் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாவு எண்ணம் வந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தோழர்களே! பீகார் அரசு ஊழியப் பெண்களுக்கு 1992 முதல் மாதம் இரண்டு நாள் விலக்கு விடுப்பு உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? சம்பளத்தோடு விடுப்பு, நோயுள்ளவருக்கு இரவு ஷிப்டிலிருந்து விலக்கு, டாக்டர் எழுதாத மாத்திரைக்குத் தடை, நோயைக் காட்டி எவரையும் வேலைநீக்கம் செய்யாமை: இவை நமது அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். கூலிக்காகப் போராடும் சங்கம், கூலிக்காரியின் உயிருக்கும் போராட வேண்டும்.