தொழிலும் கருவியும்: கல்லறிந்து பிளேடு வாங்குக

சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கிரானைட் பலகை பதிக்க ஓர் இளைஞர் வந்தார். திருவாரூர்ப் பக்கத்தவர், பெங்களூருக்கு வந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. ஊரில் செங்கற்சுவர்களில் மின்குழாய்க்குக் காடி வெட்டிய அதே வைர பிளேட்டைக் கட்டரில் பூட்டி அறுக்கத் தொடங்கினார். ஒரு சாண் அறுபடுவதற்குள் பிளேடு வழுக்கியது, புகைந்தது. அவர் மேலும் அழுத்தினார். பயனில்லை.

“மட்டமான சரக்கு ஐயா, அதற்குள் மழுங்கிவிட்டது” என்று வருந்தினார். அடுத்த மனையில் வேலை பார்த்த மூத்த மேஸ்திரி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “பிளேடு நல்லதுதான் தம்பி. உன் ஊர் மண் வேறு, இந்த ஊர்க் கல் வேறு” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. லால்பாக் தோட்டத்துப் பாறையைக் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையது அது. 1951-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1956-இல் முடிவுற்ற விதான சௌதா, இந்நிலத்தின் கிரானைட்டால் எழுந்தது. நம் வீட்டுக் காங்கிரீட்டில் சேரும் ஜல்லியும் எம்-சாண்டும் இத்தகைய பாறையை உடைத்தவையே. காவிரி வண்டலில் சுட்ட செங்கலுக்கும் இதற்கும் வெகுதூரம்.

வைர பிளேட்டின் விளிம்பில் இருப்பவை சிறு செயற்கை வைரத் துகள்கள். அவற்றை ஓர் உலோகக் கலவை இறுகப் பிடித்திருக்கிறது. அறுக்கும்போது மேல்வைரம் மழுங்கும். அப்போது உலோகமும் சிறிது தேய்ந்தால்தான் பழைய வைரம் உதிர்ந்து, அடியிலுள்ள கூரிய வைரம் வெளிப்படும். செங்கல், புதிதாக இறுகிய காங்கிரீட் ஆகியவற்றின் மணல் உலோகத்தை அரம்போல் விரைந்து தேய்க்கும். ஆகவே அவற்றுக்குக் கடினமான உலோகம் வேண்டும். கிரானைட்டின் நுண்தூள் அவ்வளவு தேய்ப்பதில்லை. அதற்கு மென்மையான உலோகமே ஏற்றது. வன்கல்லுக்கு மென்பிடி, மென்கல்லுக்கு வன்பிடி என்று நினைவிற்கொள்க. மாற்றிப் பூட்டினால், செங்கல் பிளேடு கிரானைட்டில் பளபளத்து நின்றுவிடும். கிரானைட் பிளேடு செங்கலில் சில நாட்களில் கரைந்துவிடும்.

விளிம்பின் வடிவத்தையும் நோக்குக. இடைவெளி விட்டுப் பற்கள்போல் அமைந்தது செங்கலுக்கும் காங்கிரீட்டுக்கும் ஆகும்; அவ்விடைவெளி வெப்பத்தையும் தூளையும் வெளியேற்றும். டைல்ஸை அதனால் அறுத்தால் ஓரம் சில்லுச்சில்லாகப் பெயரும். டைல்ஸுக்கு இடைவெளியற்ற மெல்லிய முழுவட்ட விளிம்பே தக்கது. அதற்குத் தண்ணீர் இன்றியமையாதது. வரிவரியாகப் புடைத்த ‘டர்போ’ விளிம்பு இரண்டுக்கும் இடைப்பட்டது. கிரானைட்டுக்குப் பெரிதும் பயன்படுவது. கம்பியுள்ள காங்கிரீட்டுக்கு, அதற்கெனக் குறித்த பிளேடே வேண்டும். தூணையோ உத்தரத்தையோ பொறியாளர் சொல்லாமல் தொடவே கூடாது.

கடையில் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: எப்பொருளுக்கு என்னும் குறிப்பு, சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி, தாங்கும் உச்சச் சுழற்சி. 4 அங்குலக் கட்டர்கள் பல நிமிடத்துக்கு 12,000 முறைக்கு மேல் சுழல்கின்றன. பிளேட்டில் பொறித்த எண் கட்டரின் எண்ணைவிடக் குறைந்திருந்தால் அதைப் பூட்டாதீர்கள். மரம் அறுக்கும் பல் பிளேட்டை இதில் பூட்டி விரலை இழந்தவர் உண்டு. உறையைக் கழற்றிவிட்டு அறுப்பதும் அத்தகைய துணிவே.

இவை எல்லாவற்றிலும் பெரிது தூசி. கல்லிலும் காங்கிரீட்டிலும் டைல்ஸிலும் உள்ள சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலில் தங்குகிறது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோய்க்குத் தீர்க்கும் மருந்து இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1997-இல் இத்தூசியைப் புற்றுநோய் விளைப்பவற்றுள் சேர்த்தது. முகத்தில் கட்டிய துண்டு இதைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுப்பதே முதற்காப்பு. அதற்கெனக் குழாய் அமைந்த கட்டரும், மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் உடன் வேண்டும். என்-95 முகக்கவசம் அடுத்த காப்பு.

மேஸ்திரி அன்று ஒரு செங்கலைத் தரச்சொல்லி, பளபளத்த பிளேட்டால் அதில் நாலைந்து முறை வெட்டச் செய்தார். புதிய வைரம் வெளிப்பட்டுச் சிறிது தூரம் அறுத்தது. பிறகு மீண்டும் நின்றது. “பார்த்தாயா, இது செங்கலுக்கே பிறந்தது” என்றார். மறுநாள் இளைஞர் கிரானைட் பிளேடு ஒன்று வாங்கி வந்தார். நான் முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். அழுத்தாமலே கல் பிளந்தது, தூசி எழவில்லை.

வீடு கட்டும் அன்பர்களே, தண்ணீரும் முகக்கவசமும் கொடுக்க வேண்டியவர்கள் நாம். ஊரை விட்டு வந்து நமக்கு வீடு கட்டித் தருபவர், தம் மூச்சோடு ஊர் திரும்ப வேண்டாமா?