மீளச் செய்யும் பலி

நாடோறும் பூசை செய்யுஞ் சைவரை நோக்கிக் கிறித்தவப் போதகர் சிலர் வினாவும் வினா ஒன்றுண்டு. அஃதாவது, "நும் பூசை பாவத்தை நீக்குமாயின் அதனை மீளவுஞ் செய்வது என்னை?" என்பது. இவ்வினா அவர் தாமே கண்டதன்று. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 9, 10-ஆம் அதிகாரங்களினின்றும் எடுத்ததாம். ஆங்கு அஃது எழுந்தது யூதர் பலியை நோக்கியே. ஆதலின் அதன் வலியை முதற்கண் ஆண்டு வைத்தே அளந்து காண்பாம்.

மோசேயின் விதிப்படி, ஏழாம் மாதம் பத்தாம் நாளிற் பிரதான ஆசாரியன் தன் பாவத்திற்காக ஒரு காளையையும், சனங்களின் பாவத்திற்காக ஒரு வெள்ளாட்டுக்கடாவையுங் கொன்று, அவற்றின் இரத்தத்தை மகா பரிசுத்த ஸ்தலத்துட் கொண்டுசென்று தெளிப்பன். மற்றொரு கடாவின் தலைமேற் கைவைத்துப் பாவங்களை அறிக்கையிட்டு, அதனை வனாந்தரத்திற்குப் போக்குவன். மறு ஆண்டும் இதுவே. விலங்கின் இரத்தம் பாவத்தைப் போக்கமாட்டாது. போக்கியிருப்பின் பலி நின்றிருக்கும். கிறிஸ்துவின் பலியோ ஒரேமுறை நிகழ்ந்து முற்றிற்று என்பது நிருபகாரர் கூற்று.

விலங்கைக் கொன்று உயிரின் அழுக்கைக் கழுவலாகாது என்னும் பகுதியை யாமும் உடன்படுவேம். புறத்தே சிந்திய குருதி அகத்தே பற்றிய மலத்தைத் தொடுமாறு இல்லை. பிணக்கெல்லாம், மீளச் செய்தல் பயனின்மைக்குச் சான்று என்னும் ஏதுவின்கண்ணதே. அவ்வேது அவர் மதத்தையே தாக்குகின்றது. ஒருமுறைப் பலியாற் பாவம் வேரற்றதாயின், ஞானஸ்நானம் பெற்றார் பின்னும் பாவஞ்செய்தல் யாங்ஙனம்? அந்நிருபமே, உண்மையறிந்தபின் மனமாரப் பாவஞ் செய்வார்க்கு வேறு பலி இல்லையென அச்சுறுத்துகின்றது. கழுவியபின் மீண்டும் அழுக்குப்படுமே என்றஞ்சி, பண்டைக் கிறித்தவர் பலர் ஞானஸ்நானத்தையே சாங்காலம்வரை தள்ளிவைத்தனர். கான்ஸ்டன்டைன் பேரரசனும் 337-இல் மரணத்தறுவாயிலேயே அதனைப் பெற்றான்.

திரெந்து நகரிற் கூடிய உரோமன் கத்தோலிக்கச் சங்கம், ஞானஸ்நானம் பெற்றாரிடத்தும் பாவத்திற்கு ஈர்க்கும் இச்சை எஞ்சிநிற்குமென 1546-இல் ஒப்புக்கொண்டது. 1562-இல் அச்சங்கமே, பூசையும் மெய்யான பரிகாரப் பலியென விதித்தது. சிலுவையிலும் பூசையிலும் பலி ஒன்றே, ஒப்புவிக்கும் முறையே வேறு என்பது அவர் சமாதானம். இங்கிலாந்துத் திருச்சபையார் தம் 39 கோட்பாடுகளுள் 31-ஆவதில், பூசைப் பலிகளைத் தெய்வநிந்தையான கட்டுக்கதையென்று இகழ்ந்தனர். இகழ்ந்தவரும் தம் செபப் புத்தகத்திற் காலையும் மாலையும் விதித்த பாவ அறிக்கையை விட்டாரில்லை!

அற்றன்று, பலியின் பயன் நிறைவுடையதே, அதனைக் கொள்ளும் உயிரின் குறைவினாலேயே அறிக்கையும் நற்கருணையும் மீளவும் வேண்டப்படும் என்பரேல், நன்று நன்று. மீளச் செய்தல் செயலின் குறையைக் காட்டாது, உயிரின் பக்குவமின்மையையே காட்டும் என்பது அவர் வாயானே பெறப்பட்டது. அநாதியே பற்றிய ஆணவம் பரிபாகமுறுங்காறும் பூசை வேண்டுமென யாம் கூறுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? ஆறுமுக நாவலர் 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், விவிலியத்துள்ள ஆலய வழிபாட்டு விதிகளையே எடுத்துக்காட்டி இன்னோர்க்கு விடையிறுத்துப் போந்தார். இனி இவ்வினாவை எழுப்புவார் தம் செபப் புத்தகத்தை விரித்து, நேற்றுச் சொல்லிய அறிக்கையை இன்றுஞ் சொல்லுவது எற்றுக்கு என்பதற்கு முதற்கண் விடை கூறுக.