எட்டு டப்பா, எட்டுக் கட்டளை

புதுச்சேரியில் முத்தியால்பேட்டையோ லாஸ்பேட்டையோ, வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் காலையிலேயே தலை சுற்றும். ஒரு பிள்ளைக்கு முட்டை கூடாது. இன்னொன்றுக்குச் சர்க்கரை ஆகாது. மூன்றாவதின் பாட்டிக்கோ ரசம்சாதம் குழையக் குழைய இருக்க வேண்டும்.

எல்லாமே ஒரே எடை அல்ல. வேர்க்கடலை ஒவ்வாமை உயிர் விவகாரம். சைவம் குடும்ப வழக்கம், மதிக்க வேண்டியது. நாக்கில் தேன் தடவச் சொன்னால் மறுத்தே ஆக வேண்டும். ஒரு வயதுக்குள் தேன், பாட்டுலிசம் என்ற நச்சுநோயைத் தரலாம். (பாட்டியிடம் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்!)

1954 வரை இந்த ஊரை ஆண்ட பிரான்சில், ஒவ்வாமையுள்ள பிள்ளைக்குப் பெற்றோர், மருத்துவர், காப்பகம் சேர்ந்து எழுத்தில் ஒரு திட்டம் போடுகிறார்கள். இங்கே வாய்ச்சொல்தான்.

பெற்றோரே, ஒவ்வாமையை எழுதிக் கொடுங்கள். மற்ற ஆசைகளை டப்பாவில் கட்டி அனுப்புங்கள்.