ஏணிமேல் நிற்கும் தம்பி

சென்ற பொங்கலையொட்டி நம் சங்க விழா நடந்த மண்டபத்தில், பட்டிமன்றம் சூடேறிய வேளையில் விளக்குகள் எல்லாம் அணைந்தன. தோழர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேடையருகே நின்றவர்களுள் இயற்பியல் முதுகலை மாணவர் மட்டும் ஐவர். நானும் அவர்களுள் ஒருவன். ஓமின் விதியை உறக்கத்திலும் ஒப்புவிப்போம். மாக்சுவெல் சமன்பாடுகளைப் பக்கம் பக்கமாக எழுதுவோம். ஆனால், மெயின் பலகையைத் திறக்கும் துணிவு ஐவரில் ஒருவருக்கும் வரவில்லை. எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

வண்ண விளக்குக் கட்ட வந்திருந்த பதினெட்டு வயதுத் தம்பி ஒருவன்தான் கைப்பேசி வெளிச்சத்தில் ஓடி வந்தான். பீங்கான் ஃப்யூஸைக் கழற்றினான். உருகிப்போன மெல்லிய கம்பியை எறிந்தான். தன் பையிலிருந்த ஒயர்த் துண்டை உரித்து, செம்புக் கம்பியை மூன்று புரியாக முறுக்கிச் செருகினான். விளக்கு எரிந்தது, அவை கைதட்டியது.

"என்ன தம்பி, இவ்வளவு தடித்த கம்பி போட்டுவிட்டாய்?" என்று கேட்டேன்.

"மெல்லிசா போட்டா மறுபடியும் போயிடும், அண்ணே. இது போகவே போகாது" என்றான் பெருமையோடு.

அது போகவே போகாது என்பதுதான் ஆபத்து! அரைமணி கழித்துச் சுவரோரம் ஒயர் கருகும் நாற்றம் எழுந்தது. மெயினை அணைத்தோம், மீதி நிகழ்ச்சியைப் பாதி விளக்கில் முடித்தோம். வேறு தீங்கு நேரவில்லை என்று எல்லோரும் மகிழ்ந்து கலைந்தனர். என்னால் அப்படிக் கலைய முடியவில்லை. படித்த எங்களுக்குக் கை வழங்கவில்லை. கை வழங்கிய தம்பிக்குக் காரணம் தெரியவில்லை. ஆளுக்குப் பாதி அறிவு! மின்சாரமோ பாதி அறிவை மன்னிப்பதில்லை.

ஃப்யூஸ் கம்பி ஏன் மெலிந்திருக்கிறது? சுவருக்குள் ஓடும் ஒயர் சூடேறித் தீப்பிடிக்குமுன், தான் உருகி மின்னோட்டத்தை நிறுத்துவதற்காக. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது நாம் படித்த பாடம். கம்பியைத் தடிப்பாக்கினால் ஃப்யூஸ் பிழைத்துக்கொள்ளும்; ஒயர் எரியும்; அதன் பின் வீடு எரியும். இன்னொன்றும் உண்டு. ஃப்யூஸ் காப்பது ஒயரைத்தான், மனிதனை அன்று. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடல்வழி பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்து உயிர் போகக்கூடும். 5 ஆம்பியர் ஃப்யூஸ் அதைக் கண்டு அசையாது. மனிதனைக் காப்பதற்கென்றே ஆர்.சி.சி.பி. என்னும் கருவி இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் வழிதவறிக் கசிந்தாலே இமைப்பொழுதில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். இந்த நான்கு செய்திகளைச் சொல்ல கால்மணி நேரம் போதும். நான்கு ஆண்டுகளாக ஏணி ஏறும் அந்தத் தம்பிக்கு அந்தக் கால்மணி நேரத்தை ஒதுக்கியவர் யாருமில்லை.

இரண்டு திங்கள் சென்றன. அதே தம்பி ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் ஹோல்டர் மாற்ற ஏறியிருக்கிறான். ஸ்விட்சை அணைத்தான், பல்பும் அணைந்தது. விளக்கு அணைந்தால் மின்சாரம் இல்லை என்பது அவன் கற்ற பாடம். அந்த வீட்டிலோ எவரோ ஸ்விட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தார். விளக்கு அணைந்திருந்தும் ஹோல்டரில் 230 வோல்ட்டு காத்திருந்தது. தொட்டான், தூக்கி எறியப்பட்டான். உயிர் தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. வேலைக்கு அழைத்துச் சென்ற ஒப்பந்தக்காரர், "இவன் என் ஆள் இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆறு வாரக் கூலி போயிற்று. பத்து ரூபாய் விலையுள்ள பொருளுமன்று அவன் கேட்டது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் டெஸ்டர் ஒன்றும், 'முதலில் சோதி, பிறகு தொடு' என்னும் பழக்கமும் இருந்திருந்தால் போதும். அந்தப் பழக்கத்தை ஊட்டுவதற்குப் பெயர்தான் பயிற்சி.

ஒரு தம்பியின் கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். மின்சாரம் தாக்கி இறப்போர் தொகை நாடு முழுவதும் ஆண்டுக்குப் 10,000-க்கும் மேல்.

இந்தத் தம்பி வாழும் இடம் எது? சீதா கேம்ப். நானும் அங்கே வளர்ந்தவன்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆறு வயதில் பெற்றோருடன் வந்தவன். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்துக்கு அண்மையிலிருந்த ஜனதா காலனியை அகற்றியபோது, அங்கிருந்த மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. தமிழர் பலர் வாழும் இடம். அதைச் சூழ்ந்துள்ள டிராம்பேயின் பெருமையை நான் சொல்லவேண்டியதில்லை. மலைக்கு அந்தப் புறம் 1956-இல் டாட்டாவின் அனல்மின் நிலையம் எழுந்தது. இந்தப் புறம் அதே ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள், ஆசியாவிலேயே முதன்முதலாக, 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கிற்று. மாநகருக்கு ஒளி தரும் இடத்திலும், மாநிலங்களுக்கு அறிவியல் தரும் இடத்திலும் மதிலோரமாக நம்மவர் வாழ்கின்றனர். மதிலுக்குள் இருக்கும் அறிவு மதிலோரத்துக்கு வந்து சேர்ந்ததா?

மதிலுக்குள் நடந்த ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1957-இலேயே ஹோமி பாபா அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். யாருக்கு? பல்கலைக்கழகத்தில் அறிவியலும் பொறியியலும் படித்துத் தேறியவர்களுக்கு. பட்டம் பெற்றவரையே நேரே பணியில் இறக்கிவிடாமல், ஓராண்டு பயிற்றுவித்த பின்பே கருவியின் அருகே விட்டார்கள். பட்டதாரிக்கே பயிற்சி வேண்டும் என்று கண்ட நாட்டில், பத்தாம் வகுப்போடு நின்ற பையன் மட்டும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என்ன நீதி?

வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1950-லிருந்து கைவினைஞர் பயிற்சித் திட்டம் நடந்து வருகிறது. அதன்கீழ் இயங்குபவைதாம் ஐ.டி.ஐ. என்று நாம் அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள். எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஒயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பே போதும். இரண்டும் 2 ஆண்டுப் பயிற்சி. ஒயர் இணைப்பது, குழாய்க்குள் ஒயர் இழுப்பது, மோட்டாருக்குச் சுற்றுக் கட்டுவது, மெகர் வைத்து மின்காப்பைச் சோதிப்பது, எர்த் போடுவது எல்லாம் கைபடச் செய்து பழகலாம். அதன்பின், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி, ஆலைகளில் உதவித்தொகையோடு பழகவும் இடமுண்டு. 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளே, பல்பும் ஃப்யூஸும் மாற்றுவது போன்ற சில்லறை வேலை நீங்கலாக, மற்ற மின்பணிகளை உரிமம் பெற்றவரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று விதித்தன. இன்றைய விதிகளும் அந்த நெறியை விட்டுவிடவில்லை.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஏட்டில் உரிமம் பெற்றவரின் பெயர். ஏணியில் உரிமமில்லாத் தம்பி! இதுதான் நாம் காணும் நடைமுறை. ஏன் அவன் ஐ.டி.ஐ.க்குப் போகவில்லை? அவனையே கேட்டேன். இரண்டு காரணம் சொன்னான். ஒன்று, இரண்டு ஆண்டு கூலியில்லாமல் வீடு தாங்காது. மற்றொன்று, "செய்முறைன்னா செய்துடுவேன் அண்ணே, எழுத்துப் பரீட்சைதான் புரியாது. இங்கிலீசும் வராது, மராத்தியும் அரைகுறை." முதற்காரணத்தை நீக்க அரசும் ஆலைகளும் முயல வேண்டும். இரண்டாவது காரணத்தை நீக்க நம்மால் முடியும். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

"தொழிலுக்குக் கல்லூரி எதற்கு? ஜி. டி. நாயுடு எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கோவையில் 1937-இல் மின்மோட்டார் செய்து காட்டிய அப்பெரியார் பட்டம் பெற்றவரல்லர். ஆனால், அவரே 1945-இல் தொழிற்கல்லூரி உருவாக வழிகோலி, அதன் முதல்வராகவும் அமர்ந்தார் என்பதை மறக்கலாமா? நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதாடினார். ஆட்சியாளர் ஏற்காமற்போகவே பதவியை விட்டு விலகினார். காலத்தைக் குறை என்றார் அவர். கல்வியைக் குறை என்று சொல்லவில்லை.

ஃபாரடேயையும் சிலர் சான்று காட்டுவர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய ஏழைச் சிறுவன் உலகம் போற்றும் அறிவியலார் ஆனார் என்பது மெய்தான். ஆனால், 1812-இல் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தது; மறு ஆண்டே டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. நம் தம்பிகளுக்கு அந்த நுழைவுச்சீட்டை யார் கொடுத்தார்?

செருமனியில் எலக்ட்ரீசியன் ஆக விரும்பும் இளைஞன் மூன்றரை ஆண்டு பழகுகிறான். தொழில் நிலையத்தில் கூலியோடு வேலை. இடையிடையே தொழிற்பள்ளியில் பாடம். கையும் கருத்தும் ஒருசேர வளர்கின்றன. வீட்டு அடுப்பும் அணைவதில்லை. நம் நாட்டில் இது முழுமையாக வரும்வரை காத்திருக்க வேண்டுமா? நூலறிவு எவ்வளவு இருந்தாலும் உலக நடைமுறையையும் அறிந்தே செயலாற்றுக என்று அமைச்சனுக்கே அறிவுரை கூறினார் வள்ளுவர். அது அமைச்சனுக்கு மட்டுமா? ஆய்வுக்கூடத்திலிருந்து அசையாத நமக்கும்தான்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுக்கொரு விழாவும், விழாவுக்கொரு மலரும் போதா. டிராம்பேயில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தமிழில் ஒரு வகுப்பு நடத்துவோம். பத்தே பாடங்கள். ஃபேஸ் எது, நியூட்ரல் எது; ஸ்விட்ச் ஏன் ஃபேஸில்; ஃப்யூஸ் ஏன் மெல்லிது; மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மட்டும் ஏன் நீளம்; மீட்டரை எப்படிப் படிப்பது; மின்சாரம் தாக்கியவனை எப்படி விடுவித்து முதலுதவி செய்வது என இப்படிப் போகட்டும். தமிழில் புரிந்துகொண்டதைத் தேர்வு மொழியில் எழுதவும் பழக்குவோம். ஐ.டி.ஐ.யில் சேர விண்ணப்பம் நிரப்பித் தருவோம். வகுப்பு ஐ.டி.ஐ.க்கு மாற்று ஆகாது. அதன் வாசல்வரை கைபிடித்து அழைத்துச் செல்லும் வழி, அவ்வளவே.

"தமிழில் கற்றுப் பம்பாயில் என்ன பயன்?" என்று கேட்பவர்க்கு ஒரே விடை. மின்சாரம் தாக்கும்போது அவன் அலறுவது தமிழில்தான். தாக்காமல் இருக்க அவன் அறிய வேண்டியதையும் முதலில் தமிழில் அறியட்டும்.

இதைத் தருமம் என்று எண்ணிவிட வேண்டாம். கொடுப்பதோடு கொள்வதும் உண்டு. முதல் வகுப்பின் இரண்டாம் மணி நேரத்தை அந்தத் தம்பியிடமே விட்டுவிடுவதாக இருக்கிறேன். கட்டு அவிழ்ந்த கையோடு நேற்று வந்தான். "வகுப்புன்னா வர்றேன் அண்ணே. ஆனா நீங்களும் ஒரு நாள் ஏணி ஏறணும்" என்றான். ஒப்புக்கொண்டேன். மெயின் பலகையைத் திறக்க அஞ்சிய மற்ற நால்வரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஐந்து பேர் இருக்கிறோம். இன்னும் பத்துப் பேர் வேண்டும். சீதா கேம்ப்பில் ஓர் அறை பார்த்தாகிவிட்டது, கரும்பலகையும் இருக்கிறது. தோழர்களே, வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாருங்கள். முதலில் அந்த அறையின் ஃப்யூஸைத் திறந்து பார்ப்போம்.